காயின் சாய்வும் தூவியின் கிளையும்: வட அமெரிக்கப் பாறைக் கிரெஸ் செடிகளைப் பிரித்தறிந்த வரலாறு

கடுகுக் குடும்பத்துச் செடியைப் பூவைக் கொண்டு இனங்காண்பது எளிது. ஆனால் அக்குடும்பத்துக்குள்ளேயே ஒரு செடியை அதன் உறவுச் செடியிலிருந்து பூவைக் கொண்டு பிரித்தறிவது பெரும்பாலும் இயலாத காரியம். நான்கு அல்லிதழ்கள் சிலுவைபோல் எதிரெதிரே விரிவதும், ஆறு மகரந்தத்தாள்களில் நான்கு நீண்டும் இரண்டு குறுகியும் நிற்பதும், சூலகம் முதிர்ந்து இரு ஓடுகளாகப் பிளக்கும் நீண்ட காயாவதும் கடுகுக்குப் போலவே வட அமெரிக்க மலைச்சரிவுகளில் வளரும் பாறைக் கிரெஸ் செடிகளுக்கும் பொதுவானவை. கிரெஸ் என்பது காரச்சுவை கொண்ட சில சிறு செடிகளுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அவற்றுள் பாறையிடுக்குகளிலும் சரளைச் சரிவுகளிலும் வளரும் கூட்டத்துக்குப் பாறைக் கிரெஸ் என்ற பெயர் நிலைத்தது. தரையொட்டிய இலைவட்டம், அதிலிருந்து எழும் மெல்லிய தண்டு, அதன் உச்சியில் வெண்மையோ இளஞ்சிவப்போ ஊதாவோ ஆன சிறு பூக்கள் என்னும் இந்த எளிய உருவத்துக்குள் எத்தனை சிற்றினங்கள் அடங்கியிருக்கின்றன என்பதில் தாவரவியலாளர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உடன்படவில்லை. அந்த இருநூறு ஆண்டுகளிலும் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றே குறைகூறியது. செடிகள் விதை உண்டாக்கும் முறையே அந்தக் குழப்பத்தின் ஊற்று என்பது வெளிப்பட 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்செடிகளுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பேரினப் பெயர் அராபிஸ். பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களை ஒரே பெயரின்கீழ்த் தொகுக்கும் அலகு; செடியின் அறிவியற்பெயரில் முதற்சொல் பேரினத்தையும் அடுத்த சொல் சிற்றினத்தையும் சுட்டும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் இந்த இருசொல் முறையை எல்லாச் செடிகளுக்கும் விரித்தபோது, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் மருத்துவராக இருந்த யோஹான்னஸ் தால் கண்டு குறித்த ஒரு சிறு களைச்செடிக்கு அவர் நினைவாக அராபிஸ் தாலியானா என்று பெயரிட்டார். தாலின் மலைத்தாவரப் பட்டியல் அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1588-இல்தான் அச்சேறியது. அந்தக் களைச்செடியே பிற்காலத்தில் அராபிஸிலிருந்து வெளியேற்றப்பட்டு, அராபிடாப்சிஸ் என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் செடியாயிற்று. அவ்வெளியேற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. ஜெனீவாவைச் சேர்ந்த அகஸ்டின் டி கண்டோல் 1821-இல் கடுகுக் குடும்பத்தை வகைப்படுத்தியபோது, விதைக்குள் கரு மடிந்திருக்கும் விதத்தையே முதன்மை அடையாளமாகக் கொண்டார்: முளைவேர் இரு விதையிலைகளின் ஓரத்தை ஒட்டிக் கிடந்தால் ஒரு பிரிவு, ஒரு விதையிலையின் முதுகை ஒட்டிக் கிடந்தால் வேறொரு பிரிவு. விதையை ஊறவைத்து, தோலுரித்து, குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தே அறியக்கூடிய இந்த அடையாளம் நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. இன்றோ, ஒரே பேரினத்துக்குள் இரு வகை மடிப்பும் காணப்படும் என்பது அராபிடாப்சிஸிலேயே தெரிகிறது. நுணுகிப் பார்த்தே காணக்கூடிய அடையாளம் என்பதால் அது நம்பத்தக்கதும் ஆகிவிடும் என்ற எண்ணம் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

அமெரிக்கச் செடிகள் ஐரோப்பிய அறிஞர் கைக்கு வந்தது பெரும்பாலும் நிலம் அளக்கவும் கடல்வழி தேடவும் புறப்பட்ட பயணக் குழுக்கள் வழியாகத்தான். ஜான் பிராங்க்ளின் தலைமையில் 1825 முதல் 1827 வரை கனடாவின் வடபகுதிக்குச் சென்ற குழுவில் உதவி இயற்கை ஆய்வாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் டிரம்மண்ட், குழுவிலிருந்து பிரிந்து ராக்கி மலைகளில் செடி திரட்டினார். அதே காலப்பகுதியில், 1829-இல், எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கிரஹாம் வட அமெரிக்கப் பாறைக் கிரெஸ் இரண்டினை விவரித்தார். ஒன்றின் காய்கள் தண்டை ஒட்டி நிமிர்ந்து நின்றன. அதற்கு டுரிடிஸ் ஸ்டிரிக்டா என்று பெயர் வைத்தார். ஸ்டிரிக்டா என்றால் நிமிர்ந்தது. மற்றதன் காம்புகள் சட்டென மடங்கிக் காய்கள் தலைகீழாகத் தொங்கின. அது அராபிஸ் ரெட்ரோஃப்ராக்டா, அதாவது பின்னோக்கி ஒடிந்தது. நிமிர்ந்த காயும் தொங்கும் காயும் என்ற இந்த எதிர்வே பின்வந்த எல்லாப் பிரிவினைகளுக்கும் அச்சாணி ஆயிற்று.

நிமிர்ந்த காயுடைய செடியின் பெயர் பட்ட பாடு தனிக்கதை. டுரிடிஸ் என்ற பேரினம் அராபிஸோடு இணைக்கப்பட்டபோது அச்செடி அராபிஸ் ஸ்டிரிக்டா ஆகியிருக்க வேண்டும்; ஆனால் அப்பெயரை இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வளரும் வேறொரு செடிக்கு வில்லியம் ஹட்சன் 1778-இலேயே வழங்கிவிட்டார். ஒரே பேரினத்தில் இரு சிற்றினங்களுக்கு ஒரே பெயர் கூடாது என்பது பெயரிடல் விதி. ஆகவே ஹார்வர்டின் ஆசா கிரே 1866-இல் டிரம்மண்டின் நினைவாக வழங்கிய அராபிஸ் டிரம்மண்டி என்ற பெயரே அச்செடிக்கு வழங்கலாயிற்று. 137 ஆண்டுகள் அப்பெயரே நூல்களில் நிலவியது. 2003-இல் செடி வேறொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டபோது அங்கே ஸ்டிரிக்டா என்ற பெயரை எவரும் எடுத்திருக்கவில்லை என்பதால், மூத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி கிரஹாமின் பழைய சொல் மீண்டும் அரியணை ஏறியது. செடியில் ஒரு மாற்றமும் இல்லை; அதன் பெயரை மனப்பாடம் செய்த இரு தலைமுறை மாணவர்கள்தாம் திரும்பக் கற்க வேண்டியிருந்தது.

காயின் சாய்வுக்கு அடுத்தபடியாக நம்பப்பட்ட அடையாளம் தூவி. தூவி என்பது இலையின் மேற்பரப்பில் முளைக்கும் நுண்மயிர். பாறைக் கிரெஸ் செடிகளில் அது சிலவற்றில் கிளையற்ற ஒற்றை மயிராகவும், சிலவற்றில் இரு கிளையாகவும், சிலவற்றில் பல கதிர் கொண்ட விண்மீனாகவும் அமையும். ஸ்டிரிக்டாவின் அடியிலையைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையில் பார்த்தால், நடுவில் இலையோடு ஒட்டி இரு முனைகளும் இலைநரம்பின் போக்கில் நீண்ட தூவிகள் தெரியும்; ரெட்ரோஃப்ராக்டாவின் இலையிலோ பல கதிர்த் தூவிகள் நெருக்கமாகப் படர்ந்து இலைக்கே சாம்பல் நிறம் தந்திருக்கும். காய்க்குள் விதைகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டுள்ளனவா இரு வரிசையிலா என்பதும், தண்டின் அடிப்பகுதி மயிருடையதா வழுவழுப்பா என்பதும், காம்பில் மயிர் உண்டா என்பதும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. இவையனைத்தும் ஒரே செடியில் கிடைத்தால் முடிவு எளிது. ஆனால் திரட்டுவோர் பூத்த தண்டை மட்டும் ஒடித்துக்கொண்டு வருவார்கள். அடியிலை பாறையிடுக்கிலேயே தங்கிவிடும். பூக்கும் பருவத்தில் பறித்த செடியில் முதிர்ந்த காய் இராது. காய் முதிர்ந்த பருவத்தில் பறித்ததில் அடியிலைகள் உலர்ந்து உதிர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, காயின் சாய்வு வயதோடு மாறுவது. இளங்காய் நிமிர்ந்திருந்து முதிர முதிரச் சரியும் செடிகளும் உண்டு. தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தும்போது காய்கள் எந்தப் பக்கம் கிடந்தனவோ அந்தப் பக்கமே நிலைத்துவிடும். உலர்தாவரத் தொகுப்பில், அதாவது அழுத்தி உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறித்து வைக்கும் களஞ்சியத்தில், இருக்கும் ஏட்டைப் பார்த்து முடிவு சொல்பவர் செடியின் ஒரு கணத்தை மட்டுமே பார்க்கிறார்.

பக்சினியா மோனோய்கா என்ற துருப்பூஞ்சையின் குறும்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். இப்பூஞ்சை தொற்றிய செடி தன் பூவைப் பூப்பதில்லை; மாறாக நீண்டு வளர்ந்து, உச்சியில் பளிச்சென்ற மஞ்சள் இலைகளைப் பூப்போல விரித்து, இனிப்பு நீரைச் சுரந்து, மணம் பரப்பி ஈக்களை அழைக்கிறது; வரும் ஈக்கள் பூஞ்சையின் இனச்செல்களைச் செடிவிட்டுச் செடி சுமந்து செல்கின்றன. இந்தப் போலிப்பூவின் செயலை 1993-இல் பார்பரா ராய் விரிவாக விளக்கினார். வடிவமே மாறிப்போன இத்தகைய செடியை அதன் சிற்றினம் இன்னதென்று உருவத்தைக் கொண்டு சொல்வது வீண்முயற்சி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மேற்குப் பகுதிக்கு இருப்புப்பாதை சென்றடைந்தபோது, உலர்ந்த செடிகள் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன. அவற்றோடு புதிய பெயர்களும் குவிந்தன. எட்வர்ட் லீ கிரீன், மார்கஸ் ஜோன்ஸ், வயோமிங்கின் ஏவன் நெல்சன், நியூயார்க்கின் பெர் ஆக்செல் ரிட்பெர்க் ஆகியோர் சிறு வேறுபாட்டையும் தனிச் சிற்றினமாகக் கொண்டு பெயரிட்டனர். நெல்சன் மட்டும் 1900-ஆம் ஆண்டிலேயே, காய்கள் கிளைத்து விரிந்து நிற்கும் அராபிஸ் டிவாரிகார்ப்பா, தொங்கும் காய் கொண்ட அராபிஸ் பெண்டுலோகார்ப்பா உள்ளிட்ட பெயர்களை வெளியிட்டார். ஒருவர் பிரித்ததை இன்னொருவர் ஏற்கவில்லை. ஜோன்ஸ் கிரீனை அவர் மறைந்த பின்னரும் கடுஞ்சொற்களால் எள்ளி எழுதும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது. இப்பெயர்க் காட்டைத் திருத்தும் பணியைத் தலைமேற்கொண்டவர் வயோமிங்கில் பிறந்து ஹார்வர்டின் கிரே உலர்தாவரக் களஞ்சியத்தை நெடுங்காலம் நடத்திய ரீட் ரோலின்ஸ். 1941-இல் அவர் வெளியிட்ட மேற்கு அமெரிக்க அராபிஸ் பற்றிய ஆய்வும், 1993-இல் வெளிவந்த, ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட கடுகுக் குடும்ப நூலும் அரை நூற்றாண்டுக்கு இத்துறையின் கடைசிச் சொல்லாக மதிக்கப்பட்டன. ரோலின்ஸ் சேர்ப்பவர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவடிவங்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் இரண்டும் ஒரே சிற்றினத்தின் வகைகளே என்பது அவர் கோட்பாடு. தொங்கும் காயுடைய பல செடிகளை, கிரஹாமின் ரெட்ரோஃப்ராக்டா உட்பட, அவர் அராபிஸ் ஹோல்போய்லி என்ற ஒரே பெயரின்கீழ் வகைகளாக அடக்கினார். அப்பெயரின் ஆட்சி கிரீன்லாந்து தொடங்கிக் கலிபோர்னியா வரை பரவியது.

ஹோல்போய்லி என்ற பெயர் கிரீன்லாந்தில் பணியாற்றிய டேனிய கடற்படை அதிகாரியும் இயற்கை ஆர்வலருமான கார்ல் பீட்டர் ஹோல்பெல்லைக் குறிப்பது. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட நிலங்களின் செடிகளை வண்ணப்படங்களாக வெளியிடும் ஃப்ளோரா டானிகா என்ற பெருந்தொகுப்பு 1761-இல் தொடங்கி 1883 வரை 3240 படங்களோடு வெளிவந்தது. அதில் 1827-இல் யென்ஸ் ஹோர்னமன் இச்செடிக்குப் பெயரிட்டார். குழப்பத்தின் முடிச்சும் அதே கிரீன்லாந்துச் செடியில்தான் அவிழ்ந்தது. கோபன்ஹேகனைச் சேர்ந்த டீகே விட்ராக் போக்கர் இச்செடியின் குரோமோசோம்களை எண்ணியபோது, சிலவற்றில் 14-உம் சிலவற்றில் 21-உம் இருக்கக் கண்டார். செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் ஏழு ஏழாக இரு தொகுதிகள் இருந்தால் இருமடியம், மூன்று தொகுதிகள் இருந்தால் மும்மடியம். மும்மடியச் செடியில் இனச்செல் உண்டாகும்போது மூன்று தொகுதிகளைச் சரிபாதியாகப் பிரிக்க இயலாது. ஆகவே அது மலடாக இருக்க வேண்டும். கிரீன்லாந்துச் செடிகளோ தாராளமாக விதைத்தன. 1951-இல் வெளியிட்ட ஆய்வில் போக்கர் அதன் காரணத்தை விளக்கினார்: இச்செடிகளின் சூலில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையாமலே முட்டை உருவாகி, ஆண் செல்லோடு சேராமலே கருவாக வளர்கிறது. இது கருவுறா இனப்பெருக்கம் எனப்படும். மகரந்தம் முற்றிலும் வேண்டாததன்று. கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை வளர்வதற்கு அது தேவைப்படுகிறது. ஆனால் பிறக்கும் செடி தாயின் அச்சு அசலான பிரதி.

இந்தச் செய்தி பழைய வழக்கின் அடிப்படையையே மாற்றியது. இரு வேறு சிற்றினங்கள் தற்செயலாகக் கலந்து பிறக்கும் கலப்புச்செடி பொதுவாக வளமற்றது. ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். கருவுறாமல் விதைக்கும் ஆற்றல் அதற்கு வாய்த்துவிட்டால், பெற்றோருக்கு நடுவிலான அதே உருவத்தை அது மாறாமல் ஆயிரக்கணக்கில் பெருக்கி, மலைச்சரிவு முழுவதும் பரப்பிவிடும். அங்கே வந்து திரட்டுபவர் காண்பது, ஒன்றோடொன்று முற்றிலும் ஒத்த, வேறெதனோடும் முற்றிலும் ஒவ்வாத செடிக்கூட்டம். அதைத் தனிச் சிற்றினம் என்று நெல்சனோ கிரீனோ எண்ணியதில் வியப்பில்லை. பல மலைகளிலிருந்து வந்த ஏடுகளை ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த ரோலின்ஸ், அவ்வடிவங்கள் இரு முனைகளுக்கிடையே தொடர்ச்சியாக நிற்கக் கண்டு எல்லைக்கோட்டை அழித்ததும் முறையானதே. பிரித்தவர் கண் குறைபட்டதன்று, சேர்த்தவர் கண்ணும் அப்படியே. இருவரும் ஒரே நிகழ்ச்சியின் வெவ்வேறு முகங்களைப் பார்த்தார்கள்.

பேரினத்தின் பெயரும் போக்கரால்தான் மாறியது எனலாம். ஐஸ்லாந்தில் பிறந்த ஆஸ்கெல் லேவும் ஸ்வீடனில் பிறந்த அவர் மனைவி டோரிஸ் லேவும் குரோமோசோம் எண்ணிக்கையே பேரினத்தின் அடித்தளம் என்ற கொள்கையில் உறுதியானவர்கள். ஐரோப்பிய அராபிஸில் தொகுதிக்கு எட்டு குரோமோசோம்கள். அமெரிக்கச் செடிகளில் ஏழு. ஆகவே அமெரிக்கக் கூட்டத்தைத் தனிப் பேரினமாக்கி, 1976-இல் போக்கரைச் சிறப்பித்துப் போக்கெரா என்று பெயரிட்டனர். கொலராடோவின் வில்லியம் வெபர் போன்ற சிலர் ஏற்றனரேயன்றி, ரோலின்ஸ் 1993-இலும் இதை ஒப்பவில்லை. எண்ணை மட்டும் வைத்துப் பேரினத்தைப் பிரிப்பதா என்ற தயக்கம் அன்றைய நிலையில் நியாயமானதே. 1990-களின் இறுதியில் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்ட மார்கஸ் கோக்கும் அவர் கூட்டாளிகளும், போக்கெரா அராபிஸுக்கு நெருங்கிய உறவே அன்று, மாறாகத் தாலின் களைச்செடியான அராபிடாப்சிஸுக்கே அணுக்கமானது என்று காட்டினர். உருவ ஒற்றுமை உறவால் வந்ததன்று. மிசௌரி தாவரவியல் தோட்டத்தின் இஹ்சான் அல்-ஷெபாஸ் 2003-இல் வட அமெரிக்க அராபிஸ் சிற்றினங்களில் பெரும்பாலானவற்றைப் போக்கெராவுக்கு மாற்றினார். ரஷ்யாவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஃபல்காடா என்ற சிற்றினம் ஒன்றைத் தவிர, இப்பேரினம் முழுவதும் வட அமெரிக்காவுக்கும் கிரீன்லாந்துக்கும் உரியது.

பேரினச் சிக்கல் தீர்ந்ததும் சிற்றினச் சிக்கல் முழு வடிவில் எழுந்தது. அதை எதிர்கொண்ட மைக்கேல் விண்டம், குரோமோசோம் எண்ண உயிருள்ள செடி வேண்டும் என்ற தடையை மகரந்தத்தால் கடந்தார். வழக்கமான முறையில் இனம்பெருக்கும் இருமடியச் செடியின் மகரந்தத்துகள் சிறியது, நீள்வட்டமானது, மூன்று பள்ளங்கள் சம இடைவெளியில் அமைந்தது. கருவுறா இனப்பெருக்கச் செடியினுடையதோ பெரியது, உருண்டது, பள்ளங்கள் ஒழுங்கு குலைந்தது. நூறாண்டு பழைய ஏட்டிலிருந்தும் ஒரு மகரந்தப்பையைக் கிள்ளி எடுத்து இதைப் பார்த்துவிடலாம். இவ்வகை ஆய்வுகளைக் கொண்டு அல்-ஷெபாஸும் விண்டமும் 2010-இல் வட அமெரிக்கத் தாவரத் தொகுப்பின் 7-ஆம் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட போக்கெரா சிற்றினங்களை ஏற்றனர். ரோலின்ஸ் கலிபோர்னியா வரை பரப்பியிருந்த ஹோல்போய்லி, அதில் கிரீன்லாந்துக்குள் சுருங்கியது. ரெட்ரோஃப்ராக்டாவும் பெண்டுலோகார்ப்பாவும் மீண்டும் தனிச் சிற்றினங்களாயின. அதன்பின் டிஎன்ஏயில் சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் 15 இடங்களின் நீளத்தை அளந்து, அதாவது மைக்ரோசாட்டிலைட் முறையில், 4471 மாதிரிகளைக் கொண்ட தரவுத்தொகுப்பு உருவாக்கப்பட்டு 2017-இல் விவரிக்கப்பட்டது. ஒரு பெயர் முதன்முதலில் எந்த ஏட்டைக் கொண்டு வழங்கப்பட்டதோ அந்த ஏடு மூலமாதிரி எனப்படும்; அத்தகைய மூலமாதிரிகள் 133 அதில் அடங்கும். வழக்கமான முறையில் பெருகும் இருமடியச் சிற்றினங்கள் 83 அளவில் என்றும், அவை தமக்குள் கலந்து உண்டாக்கிய கலப்பு வழிகள் 400-க்கும் மேல் என்றும் கணக்கு வந்தது. ஒரு கலப்புச்செடியின் பெற்றோர் யார் யார் என்பதையும் இம்முறையில் சொல்லிவிட முடிகிறது.

பெயர் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்குச் செரோட்டினா என்ற செடி சான்று. வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் அப்பலாச்சிய மலைகளின் களிப்பாறைச் சரிவுகளில், மரம் அண்டாத வெப்பத்தில் மட்டும் வளரும் இச்செடிக்கு எட்வர்ட் ஸ்டீல் 1911-இல் பெயரிட்டார். செரோட்டினா என்றால் காலம் தாழ்த்திப் பூப்பது. அதே மலைகளில் வளரும் லெவிகேட்டா என்ற உறவுச் செடி வசந்தத்தில் பூக்க, இது கோடையின் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பூக்கிறது. உலர்ந்த ஏட்டில் பூத்த மாதம் சீட்டில் மட்டுமே இருக்கும், செடியில் தெரியாது. பிற்காலத் திருத்தங்களில் அப்பெயர் லெவிகேட்டாவின் வகையொன்றோடு இணைக்கப்பட்டு, தனிச்செடி என்ற நினைவே மங்கியது. களத்தில் இரண்டையும் மீண்டும் ஒப்பிட்ட ஆய்வு 1987-இல் அதைத் தனிச் சிற்றினமாக மீட்டது. 1989-இல் அது அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இணைப்பெயராகக் கிடந்த காலம் முழுவதும் அச்செடிக்கு அத்தகைய காப்பு எதையும் கேட்க வழியிருக்கவில்லை.

களஞ்சியங்களில் உள்ள போக்கெரா ஏடுகளில் பலவற்றில் கீழ்மூலையில் சிறு சீட்டுகள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பெயரைத் திருத்துபவர் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, தம் முடிவையும் ஆண்டையும் குறித்துப் புதிய சீட்டை அருகில் ஒட்டுவதே வழக்கம். திரட்டியவர் எழுதிய முதற்பெயர், பின்னர் அராபிஸின் ஏதோவொரு வகை, அதன்பின் போக்கெரா என்று சீட்டுகள் ஏறிக்கொண்டே வந்திருக்கும். காயும் அடியிலையும் ஒருசேர இல்லாத ஏடுகளில், மகரந்தமும் கைகொடுக்காத இடத்தில், கடைசிச் சீட்டில் பேரினப் பெயரோடு நிறுத்திவிட்டு, சிற்றினத்துக்கான இடத்தை வெறுமையாக விடுகிறார்கள்.